தோட்டப் பாடம்: தெரியாத சொல்லுக்குத் தலையாட்ட வேண்டாம்



போன ஆடியில் நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு குழுவில் 12 பேர் சேர்ந்து வீட்டுத் தோட்டம் போட முடிவு செய்தார்கள். ஆளுக்கு 250 ரூபாய் என்று குழுச் சேமிப்பிலிருந்து 3,000 ரூபாய் எடுத்தார்கள். விதை, பை, உரம் எல்லாம் வாங்கியாயிற்று. ஒரு நாள் பயிற்சியும் நடந்தது. பயிற்சி கொடுக்க வந்தவர் நன்றாகத்தான் பேசினார். "அடியுரம் போடுங்க, விதை நேர்த்தி பண்ணுங்க, நாற்றைக் கடினப்படுத்தி நடுங்க, மூன்று சதக் கரைசல் தெளிங்க" என்று வரிசையாகச் சொன்னார். "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டார். எல்லோரும் தலையாட்டினோம். ஆமாம், நாங்களும்தான் ஆட்டினோம்.

புரட்டாசியில் போய்ப் பார்த்தால் 12 வீட்டில் 5 வீட்டில்தான் செடி நின்றது. "நம்ம கைராசி அவ்வளவுதான்" என்று ஒரு அக்கா சொன்னார். "மண்ணு சரியில்ல" என்றார் இன்னொருவர். மாதக் கூட்டத்தில் ஒவ்வொருவராக என்ன செய்தோம் என்று சொல்லச் சொன்னபோதுதான் உண்மை வெளியே வந்தது. கைராசியும் இல்லை, மண்ணும் இல்லை. அன்று கேட்ட சொற்களில் பாதி யாருக்கும் புரியவில்லை. கேட்க வெட்கம். "இது கூடத் தெரியாதா என்று நினைப்பாங்களே" என்ற பயம். அந்த வெட்கத்தின் விலைதான் போன பணம்.

அதனால் இந்த மாதப் பாடமாகத் தோட்டச் சொற்களை எடுத்துக்கொண்டோம். செடி வைத்தே பழக்கமில்லாத சகோதரியை மனதில் வைத்து எழுதுகிறோம். தெரிந்தவர்கள் பக்கத்தில் இருப்பவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

எதற்காக இந்தப் பாடு? ஒருவர் நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறியும் 100 கிராம் பழமும் சாப்பிட வேண்டும் என்று ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டில் அது ஒன்றரைக் கிலோவுக்கு மேல். தக்காளி விலை ஏறுகிற மாதத்தில் நம்மில் எத்தனை பேர் வாங்குகிறோம்? குழம்பில் போட்ட காய் வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் போனபின் நம் தட்டில் என்ன மிச்சம்? நம் நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருக்கிறது. கொல்லையில் நாலு பாத்தி கீரை இருந்தால் நம் தட்டுக்கும் வரும்.

1. இடமும் காலமும்

பட்டம்: விதைப்பதற்கு ஏற்ற பருவம். ஆடிப்பட்டம், புரட்டாசிப் பட்டம், தைப்பட்டம் என்று நம் பெரியவர்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள். வெயில், மழை, காற்று மூன்றையும் பார்த்துச் சொன்ன கணக்கு இது. கீரையை ஆண்டு முழுவதும் போடலாம். கொடிக் காய்களுக்கு ஆடியும் தையும் நல்லது.

சென்ட்: ஒரு ஏக்கரில் நூறில் ஒரு பங்கு. ஏறக்குறைய 435 சதுர அடி. ஒரு வீட்டுக்குக் காய்கறி கொடுக்க ஒரு சென்ட் இருந்தால் தாராளம். அது இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். பத்துப் பையும் ஒரு பந்தலும் போதும், ஆரம்பிக்கலாம்.

பாத்தி: நாலு பக்கமும் வரப்பு கட்டித் தண்ணீர் நிற்கும்படி செய்த சின்ன இடம். மேட்டுப்பாத்தி என்பது தரையை விட அரை அடி உயர்த்தி அமைப்பது. மழைத் தண்ணீர் தேங்கும் இடத்தில் மேட்டுப்பாத்திதான் நல்லது. அகலம் 3 முதல் 4 அடிக்குள் இருக்கட்டும். இரண்டு பக்கமும் நின்று கை எட்டும். மண்ணை மிதிக்க வேண்டியிருக்காது.

வடிகால்: மிச்சத் தண்ணீர் வெளியேறும் வழி. பையில் வைத்தால் அடிப்பக்கத்தில் நாலைந்து துளை போட வேண்டும். செடி தண்ணீர் இல்லாமல் மட்டும் சாவதில்லை. தண்ணீர் தேங்கி வேருக்குக் காற்று கிடைக்காமலும் சாகும். இரண்டிலும் இலை வாடித்தான் தெரியும். வாடிய செடியைப் பார்த்ததும் குடத்தைத் தூக்காதீர்கள். முதலில் விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் தண்ணீர் வேண்டாம்.

2. விதை

நம் குழு அதிகம் ஏமாந்தது இங்கேதான்.

நாட்டு விதை: பல தலைமுறையாக நம் ஊரில் விதைத்து, எடுத்து, மறுபடி விதைத்து வருவது. பாட்டி பானையில் சாம்பல் போட்டு வைத்திருந்த அவரை விதை இந்த வகை.

ரகம்: ஆராய்ச்சி நிலையங்கள் தேர்ந்தெடுத்து வெளியிடுவது. பாக்கெட்டில் உள்ள எழுத்து, அது பிறந்த ஊரைச் சொல்லும். பி.கே.எம். என்றால் பெரியகுளம். கோ என்றால் கோயம்புத்தூர். பி.எல்.ஆர். என்றால் பாலூர். அர்கா என்று தொடங்கினால் பெங்களூரில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம். பி.கே.எம். 1 தக்காளி, அர்கா அனாமிகா வெண்டை எல்லாம் ரகங்கள்தான். இவற்றிலிருந்து நாமே விதை எடுத்து அடுத்த முறை போடலாம்.

வீரிய ஒட்டு: இரண்டு வேறு வேறு தாய் தகப்பன் செடிகளை மகரந்தம் சேர்த்து உண்டாக்குவது. பாக்கெட்டில் 'எஃப் 1' என்றோ 'ஹைபிரிட்' என்றோ இருக்கும். முதல் முறை நன்றாகக் காய்க்கும். ஆனால் அந்தக் காயிலிருந்து விதை எடுத்துப் போட்டால் ஒரு செடி தாய் மாதிரி, ஒரு செடி பாட்டன் மாதிரி, இன்னொன்று யார் மாதிரியும் இல்லாமல் வரும். விதை கெட்டுப்போனதால் இப்படி ஆவதில்லை. கலப்பில் பிறந்ததன் குணமே பிரிந்து வருவதுதான்.

நம் அக்கா ஒருவர் வீரிய ஒட்டுத் தக்காளியிலிருந்து ஆசையாக விதை எடுத்துக் காயவைத்து ஏழு பேருக்குக் கொடுத்தார். ஏழு வீட்டிலும் ஏழு விதமாகக் காய்த்தது. சிலதில் கோலிக்குண்டு அளவுகூட வரவில்லை. "என் விதையால எல்லாருக்கும் நட்டம்" என்று அந்த அக்கா இரண்டு கூட்டத்துக்கு வரவே இல்லை. அவர் செய்த தவறு ஒன்றுமில்லை. 'எஃப் 1' என்ற இரண்டு எழுத்துக்கு அர்த்தம் அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வீரிய ஒட்டு கூடவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. சந்தைக்குப் போடுபவர்களுக்கு அது லாபமாக இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் புது விதை வாங்க வேண்டும் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுத் தோட்டத்துக்கு நாட்டு விதையோ ரகமோ போதும். தக்காளி, அவரை, தட்டைப்பயறு இவற்றில் விதை எடுப்பது சுலபம். பெரும்பாலும் தன் பூவிலேயே மகரந்தம் சேர்ந்துகொள்ளும் என்பதால் கலப்பு குறைவு.

விதை அட்டை: சான்று விதைக்கு நீல நிற அட்டை இருக்கும். உண்மைநிலை விதைக்குப் பச்சை நிற அட்டை. அதில் முளைப்புத்திறன், சோதித்த நாள், காலாவதி நாள் மூன்றையும் பாருங்கள். பில் கேட்டு வாங்குங்கள். பாக்கெட்டையும் பில்லையும் அறுவடை முடியும்வரை பத்திரப்படுத்துங்கள். முளைக்காவிட்டால் பேச அதுதான் ஆதாரம்.

முளைப்புத்திறன்: நூறு விதை போட்டால் எத்தனை முளைக்கும் என்ற கணக்கு. தக்காளிக்குக் குறைந்தது 70 இருக்க வேண்டும், வெண்டைக்கு 65. வீட்டிலேயே சோதிக்கலாம். 20 விதையை ஈரத் துணியில் சுருட்டி வையுங்கள். துணி காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் 14 முளைத்தால் அது 70 சதம். பாதிகூட வராவிட்டால் அந்த விதையை நம்பிப் பாத்தி போடாதீர்கள்.

விதை நேர்த்தி: விதைக்கும் முன் நோய் வராமல் விதைக்குப் பாதுகாப்புப் பூச்சு கொடுப்பது. டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சாணப் பொடியை ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் என்ற அளவில் கலப்பார்கள். நமக்குக் கைப்பிடி விதை என்றால் ஒரு சிட்டிகை போதும்.

கவனம்! கடையில் வாங்கும் சில விதைகள் சிவப்பாக, ரோஸாக, பச்சையாக நிறம் ஏறியிருக்கும். அது மருந்து பூசிய விதை. பிள்ளைகள் மிட்டாய் என்று வாயில் போட்டுவிடும். மிச்சமான மக்காச்சோள விதையைக் கோழிக்குப் போடுவது, பயறு விதையைக் கழுவிச் சுண்டல் பண்ணுவது இரண்டுமே ஆபத்து. கழுவினாலும் விஷம் போகாது. எட்டாத உயரத்தில் வையுங்கள். தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

3. விதைப்பும் நாற்றும்

நேரடி விதைப்பு: இருக்க வேண்டிய இடத்திலேயே விதையை ஊன்றுவது. வெண்டை, கொத்தவரை, முள்ளங்கி, அவரை, புடலை, பீர்க்கு, பாகல் எல்லாம் இந்த வகை. விதையின் பருமனைப் போல இரண்டு மடங்கு ஆழம் போதும். கீரை விதை பொடி விதை. மணலோடு கலந்து தூவிக் கையால் லேசாகக் கிளறிவிட்டால் போதும். ஆழமாகப் புதைத்தால் வெளியே வரத் தெம்பு இருக்காது.

நாற்றங்கால்: குழந்தைச் செடிகளை நெருக்கமாக வளர்க்கும் இடம். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றுக்கும் முதலில் நாற்று விட வேண்டும். தக்காளி நாற்று 25 நாள், கத்தரி 30 முதல் 35 நாள், மிளகாய் 40 முதல் 45 நாள் ஆனதும் பிடுங்கி நடலாம். வயது தாண்டிய நாற்று நட்டாலும் தேறாது.

குழித்தட்டு: குழி குழியாக இருக்கும் பிளாஸ்டிக் தட்டு. தென்னை நார்க்கழிவு மக்கு நிரப்பிக் குழிக்கு ஒரு விதை போடுவார்கள். வேர் அறாமல் நாற்று வரும். தட்டு இல்லாவிட்டால் தேங்காய்ச் சிரட்டையில் துளை போட்டு வையுங்கள், அதுவும் குழித்தட்டுதான்.

கடினப்படுத்துதல்: இந்தச் சொல்லைக் கேட்டதும் நம் குழுவில் ஒருவர் நாற்றைச் சுற்றி மண்ணை மிதித்துக் கெட்டியாக்கிவிட்டார்! சொல்லைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும், அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. விஷயம் இதுதான். நிழலில் தினமும் தண்ணீர் குடித்து வளர்ந்த நாற்றைத் திடீரென்று வெயிலில் நட்டால் சுருண்டுவிடும். அதனால் நடுவதற்கு முந்தைய ஒரு வாரம் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து, வெயிலை நாளுக்கு நாள் கூட்டிப் பழக்க வேண்டும். பால்குடி மறக்கும் பிள்ளைக்கு ஒவ்வொரு வாயாகச் சோறு பழக்குகிறோம் இல்லையா, அது போல.

நடவு மாலையில் செய்யுங்கள். நட்டவுடன் ஒரு தண்ணீர். மூன்றாம் நாள் ஒரு தண்ணீர். இதற்கு உயிர்த் தண்ணீர் என்று பெயர். அப்போதுதான் புது வேர் மண்ணைப் பிடிக்கும்.

இடைவெளி: '60க்கு 45' என்றால் வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 45 செ.மீ. தக்காளிக்கு இந்த அளவு. அடிக் கணக்கில் 2 அடி, ஒன்றரை அடி. ஒரு செடிக்கு 3 சதுர அடி என்று ஆகிறது. 10 அடி நீளம், 4 அடி அகலமுள்ள பாத்தியில் 13 செடிதான். "இவ்வளவு இடம் சும்மா கிடக்கே" என்று 40 நாற்றை நெருக்கி நட்டால் எல்லாம் ஒல்லியாக உயரும், காய்க்காது. அந்தச் சும்மா கிடக்கிற இடத்தில் கீரையோ முள்ளங்கியோ போடலாம். சீக்கிரம் வளர்ந்து, பெரிய செடி படர்வதற்குள் அறுவடைக்கு வந்துவிடும். இதற்கு ஊடுபயிர் என்று பெயர்.

4. உரம்

அடியுரம்: நடும் முன் மண்ணோடு கலப்பது. மேலுரம்: செடி வளர்ந்தபின் இடையில் கொடுப்பது. முதலாவது புறப்படும் முன் சாப்பிடும் சோறு, இரண்டாவது வழியில் சாப்பிடும் கட்டுச்சோறு.

தொழுவுரம்: மாட்டுச் சாணம், சிறுநீர் நனைந்த கூளம் எல்லாம் சேர்ந்து மாதக்கணக்கில் மக்கியது. இதைத்தான் நம்மவர்கள் பலர் தவறாகப் புரிந்துகொண்டார்கள். காலையில் போட்ட சாணியை அப்படியே குழியில் போட்டு நாற்றை நட்டார்கள். பச்சைச் சாணம் மண்ணுக்குள் மக்கும்போது சூடு கிளம்பும், வேர் கருகும். கறையானும் வண்டுப் புழுவும் சேரும். நன்றாக மக்கிய எருவைக் கையில் எடுத்தால் உதிரும், கறுப்பாக இருக்கும், சாணி வாடை அடிக்காது, மழை பெய்த மண் வாசனைதான் வரும். மூக்கை வைத்தே சோதிக்கலாம்.

பைக்கு மண் கலவை: செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, மக்கிய எரு 1 பங்கு. கூடவே ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு.

தழை, மணி, சாம்பல் சத்து: தழைச்சத்து இலைக்கு. மணிச்சத்து வேருக்கும் பூவுக்கும். சாம்பல் சத்து காயின் தரத்துக்கும் நோய் தாங்கும் பலத்துக்கும். மூட்டையில் 17:17:17 என்று இருந்தால் 100 கிலோவில் இந்த மூன்றும் 17 கிலோ வீதம் உள்ளது என்று பொருள். யூரியாவில் 46 சதம் தழைச்சத்து மட்டும்தான். "செடி தளதளன்னு இருக்கு, பூவே இல்ல" என்று சொல்கிறோமே, பெரும்பாலும் தழைச்சத்து அதிகமானதால்தான்.

சதக் கரைசல்: 3 சதம் என்றால் 100 பங்கில் 3 பங்கு. கொடுமுடி டாக்டர் நடராஜன் பரவலாக்கிய பஞ்சகவ்யாவை 3 சதமாகத்தான் தெளிக்கச் சொல்கிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி. 10 லிட்டர் டேங்குக்கு 300 மில்லி. நம் சகோதரி ஒருவர் 300 மில்லியை ஒரு லிட்டரில் கலந்துவிட்டார். இலையெல்லாம் கருகிவிட்டது. மருந்து அதிகம் கொடுத்தால் காய்ச்சல் சீக்கிரம் போகாது இல்லையா? செடிக்கும் அப்படித்தான்.

5. வளர்ப்பு

மூடாக்கு: செடியைச் சுற்றி மண் தெரியாமல் வைக்கோல், காய்ந்த இலை, கரும்புச் சோகை பரப்புவது. ஈரம் காயாது, களை குறையும், மக்கி உரமாகும். தண்டை ஒட்டாமல் இரண்டு விரல் இடம் விடுங்கள்.

களை: நாம் வைக்காமல் வந்து, வைத்ததன் சாப்பாட்டைப் பிடுங்குவது. பூக்கும் முன் பிடுங்க வேண்டும். விதை விழுந்துவிட்டால் பல வருஷ வேலை. எல்லாவற்றையும் எறியாதீர்கள். தானாக முளைக்கும் குப்பைக்கீரையும் பண்ணைக்கீரையும் களைதான். அடையாளம் நன்றாகத் தெரிந்தால் அவை சட்டிக்குப் போகட்டும்.

மண் அணைத்தல்: செடி வளர வளர அடியில் மண்ணை ஏற்றிக் கூட்டுவது. காற்றில் சாயாது.

நுனி கிள்ளுதல்: வளரும் கொழுந்தைக் கிள்ளி எடுப்பது. "ஐயோ, பாவமா இருக்கு" என்று யோசிக்காதீர்கள். முருங்கை 3 அடி வந்ததும் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடிக்கும். கை எட்டும் உயரத்தில் காய்க்கும்.

ஆண் பூ, பெண் பூ: "பூசணி பூத்துப் பூத்து உதிருது, யாரோ கண்ணு வச்சுட்டாங்க" என்ற புகார் எல்லா ஊரிலும் உண்டு. பூசணி, சுரை, பீர்க்கு, புடலை, பாகல் இவற்றில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. பெண் பூவின் அடியில் குட்டிப் பிஞ்சு இருக்கும். ஆண் பூவுக்கு வெறும் காம்புதான். பெரும்பாலும் முதலில் ஆண் பூக்களே வரும், உதிரும். அது இயற்கை. பெண் பூ வந்தும் பிஞ்சு வெம்பி விழுந்தால் தேனீ வரவில்லை என்று அர்த்தம். ஆண் பூ ஒன்றைப் பறித்து இதழை நீக்கி, உள்ளே உள்ள மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவுங்கள். பூசணிக்கு விடிகாலையில் செய்யுங்கள். சுரையும் பீர்க்கும் மாலையில்தான் மலரும். அவற்றுக்கு அந்தி நேரம். கண்திருஷ்டிக்குச் செய்யும் செலவு மிச்சம்.

6. பூச்சியும் நோயும்

இரண்டும் ஒன்று இல்லை. பூச்சியைக் கண்ணால் பார்க்கலாம்; இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அசுவினி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈ மூன்றும் சாறு உறிஞ்சும் பூச்சிகள். நோய் என்பது பூஞ்சாணம், பாக்டீரியா, வைரஸ் இவற்றால் வருவது. வெண்டை இலையில் நரம்பு மட்டும் மஞ்சளாகத் தெரிந்தால் அது மஞ்சள் நரம்புத் தேமல் நோய், வைரஸ். வந்த செடியை எந்த மருந்தாலும் மீட்க முடியாது. பிடுங்கி அழிக்க வேண்டும். அதைப் பரப்புவது வெள்ளை ஈ. அதனால் மஞ்சள் ஒட்டும் அட்டையைக் கட்டி ஈயைக் குறைக்க வேண்டும்.

வேப்பங்கொட்டைச் சாறு 5 சதம்: 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து இரவு ஊறவைத்து, வடிகட்டி, ஒரு லிட்டராக்கி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள். சோப்பு எதற்கு? சாறு இலையில் வழுக்கி ஓடாமல் ஒட்டுவதற்கு.

கூட்டத்தில் பேசிப் பாருங்கள்

• நம் வீட்டில் உள்ள விதைப் பாக்கெட்டைக் கொண்டு வந்து படியுங்கள். அது ரகமா, வீரிய ஒட்டா?
• இரண்டு வீட்டு எருவைக் கொண்டு வந்து முகர்ந்து பாருங்கள். எது மக்கியது?
• 5 லிட்டர் தண்ணீரில் 3 சதக் கரைசல் கலக்க எத்தனை மில்லி வேண்டும்? (விடை: 150 மில்லி)

சகோதரிகளே! ஒருகாலத்தில் 'பாஸ்புக்' என்ற சொல்லுக்கும் 'தீர்மானம்' என்ற சொல்லுக்கும் பயந்தவர்கள்தான் நாம். இன்று பேங்க் மேனேஜர் எதிரில் உட்கார்ந்து வட்டி எவ்வளவு என்று கேட்கிறோம். தோட்டச் சொல்லும் அது போலத்தான், கேட்டால் வந்துவிடும்.

அந்தக் குழு தைப்பட்டத்தில் மறுபடியும் போட்டது. இந்த முறை ஆளுக்கு 50 ரூபாய்தான், ரக விதை, மக்கிய எரு. அன்று விதை கொடுத்து வருந்திய அந்த அக்காவை வீட்டுக்கே போய் அழைத்து வந்தார்கள். பயிற்சியாளர் "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டபோது முதலில் எழுந்தவர் அவர்தான். "இல்லைங்க சார், இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். அவரும் மறுபடி சொன்னார், யாரும் சிரிக்கவில்லை. போன மாதம் அந்த அக்கா கூட்டத்துக்கு வரும்போது மடியில் ஒரு கட்டு அரைக்கீரை கொண்டு வந்தார். எங்களுக்கும் ஒரு பிடி கிடைத்தது.

அடுத்த இதழில்: மாடித் தோட்டமும் குப்பையிலிருந்து உரமும். இந்த மாதம் உங்களுக்குப் புரியாத ஒரு சொல்லைக் குழு நோட்டில் எழுதி அனுப்புங்கள். அதற்கும் விளக்கம் சொல்கிறோம்.